நடுக்கடலில் ஒரு பௌர்ணமி

முதல் தடவையாக உல்லாசக் கப்பலில் போகிறவருக்கு மூன்று இரவுப் பயணம் நல்லதா, ஏழு இரவுப் பயணம் நல்லதா என்று, டிராவல்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் டீக்கடையில் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். "சாருக்குக் கப்பல் பத்தி ஜாஸ்தி தெரியாது போல" என்று பக்கத்திலிருந்தவர் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பதிலும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி முடிக்க ஒரு டீ போதாது என்பதால் எழுதுகிறேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் செங்கம் ரோட்டில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தேன். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விமான டிக்கெட்டை உறுதி செய்து கொடுப்பது ஒரு பாதி வேலை. உள்ளூர்க்காரர்களைக் காசிக்கும் பத்ரிக்கும் குழுவாக அனுப்புவது மறு பாதி. இரண்டாயிரத்துக்குப் பிறகு பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலைக்குப் போய், அப்பா அம்மாவைக் கப்பலில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். அதையும் செய்தோம். இருபது வருஷம், அதே நாற்காலி.

நான் சந்தேகப் பிராணி. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், எப்படியும் ஊரில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலையைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் பையில் போட்டுக்கொள்வேன். ஒரு வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். சிரிக்காமல் வந்தால் இன்னும் ஜாஸ்தி யோசிப்பேன். பிறக்கும்போதே இப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருஷம் நடந்த ஒரு காரியம் என்னை இப்படி ஆக்கியது.

அப்போது எங்களிடம் இரண்டு காசி யாத்திரை இருந்தது, பத்து நாளில் ஒன்று, இருபத்தொரு நாளில் ஒன்று. ஒரு நாள் அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். மனைவியை இழந்த அப்பாவை யாத்திரைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். வயதானவர், முதல் தடவை வடக்கே போகிறார், பத்து நாள் போதுமே என்றேன். இல்லை, பெரிய யாத்திரையிலேயே அனுப்புங்கள், அம்மா போனதிலிருந்து அவருக்கு மனசு சரியில்லை என்றார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதையே வந்துவிட்டது. கிளம்பும்போது பெரியவன் திரும்பி நின்று, நடுவில் அவர் திரும்பி வந்துவிட மாட்டாரே என்று கேட்டான். பாசத்தில் கேட்கிறான் என்று நினைத்து, நாங்கள் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

இருபத்திரண்டாம் நாள் காலை அந்தப் பெரியவர் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். தோளில் பை, கையில் கங்கைத் தண்ணீர்ச் சொம்பு. வீட்டுக்குப் போகவில்லையா ஐயா என்று கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றார். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர் வீடு இடிபட்டு, லாட்ஜ் கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருந்தார்கள். பிள்ளைகள் ஏதோ காகிதத்தில் எப்போதோ அவரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர் சத்தம் போடவில்லை, அழவுமில்லை. "இருபத்தோரு நாள் டிக்கெட் போட்டது நீங்கதானே தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். சொம்பை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் ரொம்ப நாள் அலமாரியில் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். ஒருவர் எங்கே போகிறார் என்பதைக் கேட்காதே, எதை விட்டுவிட்டுப் போகிறார் என்பதைப் பார். நீளமான பயணம் கேட்டு வருகிறவர்களிடம், அதுவும் இன்னொருவருக்காகக் கேட்டு வருகிறவர்களிடம், இரண்டு மடங்கு உஷாராக இரு. இந்த விதியால் சில பேரைக் காப்பாற்றியும் இருக்கிறேன். அதையெல்லாம் எழுதினால் தற்பெருமை ஆகிவிடும். அந்த விதி என்னைக் கவிழ்த்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் கப்பலைப் பற்றி இரண்டு வார்த்தை. முதல் தடவை போகிறவரைச் சின்னப் பயணத்தில் அனுப்பு என்பது அன்றைக்கும் ஆபீஸ் வழக்கம்தான். அது வாடிக்கையாளரின் நன்மைக்காக என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் நம்பாதீர்கள். சின்னப் பயணத்துக்குச் சின்னப் புகார் வரும், அவ்வளவுதான். மூன்று இரவில் முதல் நாள் அறையைத் தேடுவதில் போய்விடும். இரண்டாம் நாள் வாந்தியில் போகும், மூன்றாம் நாள் பெட்டி கட்டுவதில் போகும். கப்பல் பிடித்ததா இல்லையா என்று தெரிவதற்குள் இறக்கிவிடுவார்கள். ஏழு இரவில் நான்காம் நாளுக்கு மேல்தான் மனிதர் நிதானத்துக்கு வந்து கடலைப் பார்க்கவே ஆரம்பிப்பார். ஆனால் ஒத்துக்கொள்ளாதவர் மிச்ச நாளெல்லாம் இறங்க வழியில்லாமல் தவிப்பார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எது பெரிய நியாயம் என்பது எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பொறுத்தது.

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் ஒரு வெயில் நாளில் சகுந்தலா அம்மாள் வந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் பெரிய குங்குமம், கையில் மஞ்சள் பை. கணவர் ஏகாம்பரம், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகக் கப்பல் பயணம் அனுப்புகிறான், சின்னதோ பெரியதோ நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டானாம். அவனுக்கு லீவு கிடைக்கும் அந்த மாதத்தில் எங்களிடம் இரண்டு பயணம்தான் இருந்தது. மூன்று இரவுக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை கிளம்பித் திங்களன்று திரும்பும். ஏழு இரவுக் கப்பல் அந்த வெள்ளிக்கு அடுத்து வரும் ஞாயிறு கிளம்பி அடுத்த ஞாயிறு திரும்பும்.

வழக்கம்போலச் சின்னதைச் சொன்னேன். அவர் பெரியதையே போடச் சொன்னார். சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேட்டார். "நடுவுல எங்கயாச்சும் எறங்கி ஊருக்குத் திரும்பி வந்துட முடியுங்களா?" என்றார் முதலில். சுலபமில்லை என்றேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. டிக்கெட் போட்ட பிறகு தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது என்றதும் அதற்கும் நிம்மதி. கடைசியாக எழுந்து நின்றுகொண்டு, "அவரு வருவாரு கையெழுத்து போட. அவர்கிட்ட தேதி கிதி பத்தி ஜாஸ்தி பேச்சு வெச்சுக்காதீங்க சார்" என்றார்.

எனக்கு அலமாரியில் வைத்திருந்த சொம்பு ஞாபகம் வந்தது.

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரம் தனியாக வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். உயரமான ஆள், கறுத்த முகம், சட்டைப் பையில் இன்னும் டெஸ்டர் வைத்திருந்தார். அவர் என்னைக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேட நான் சென்னை ஆபீஸுக்கு மூன்று முறை போன் செய்தேன். கப்பலில் கரண்ட் எத்தனை வோல்ட், ஜெனரேட்டர் நின்றுபோனால் மாற்று ஏற்பாடு என்ன, உயிர்காக்கும் படகு எத்தனை, சமையல்கட்டில் கேஸா கரண்டா. பேச்சுவாக்கில் தன்னைப் பற்றியும் சொன்னார். கிரிவலப் பாதையில் பாதிக் கம்பங்கள் அவர் முன்னால் நின்று நட்டவை. பதினோரு வருஷமாக ஒரு பௌர்ணமிகூடத் தவறாமல் மலையைச் சுற்றி வருகிறார், பதினாலு கிலோமீட்டரும் வெறுங்காலில். இத்தனை பேசிய மனிதர், கப்பல் எந்தத் தேதியில் கிளம்புகிறது என்று மட்டும் கேட்கவே இல்லை. எது என்றாலும் சரி, அவள் சொல்வதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் சுவரிலிருந்த காலண்டரைப் புரட்டினேன். ஏழு இரவுக் கப்பல் கடலில் இருக்கும் வாரத்தில் புதன்கிழமை பௌர்ணமி. மூன்று இரவுக் கப்பல் என்றால் திங்கள் இறங்கி, செவ்வாய் ஊர் வந்து, புதன் மலை சுற்றப் போய்விடலாம். பாவம், மனுஷனுக்கு விஷயமே தெரியாது, தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். ஏன்? ஒரு வாரம் அவர் ஊரில் இருக்கக் கூடாது. இறங்கி வரவும் முடியக் கூடாது. ஏன்?

என் புத்தி அதோடு நிற்கவில்லை. தாலுகா ஆபீஸ் எதிரில் எனக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவர் இருந்தார். கீழ்பென்னாத்தூர் ஏகாம்பரம் வீட்டு விஷயமாக யாராவது வந்தார்களா என்று நாசூக்காக விசாரித்தேன். அவர், அந்த அம்மா நேற்றுத்தான் வீட்டுக்கு வில்லங்கச் சான்று வாங்கிக்கொண்டு போனார் என்றார். வீட்டை விற்கப் போகிறவர்கள் முதலில் வாங்குவது அதைத்தான். பார்த்தாயா, பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஆபீஸ் வந்து சேர்ந்தேன். சிங்கப்பூர் விசாவுக்கு எதற்கும் இருக்கட்டும் என்று நாங்கள் கேட்கும் காகிதங்களின் பட்டியலில் நான்காவதாக இருப்பது சொத்தின் வில்லங்கச் சான்று. அந்தப் பட்டியலை அந்த அம்மாளிடம் கொடுத்தவன் நான்தான். அது அன்றைக்கு என் நினைவுக்கே வரவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் சொந்தக் கையெழுத்துகூட அடுத்தவன் கையெழுத்தாகத் தெரியும், இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கையெழுத்துப் போட இருவரும் சேர்ந்து வந்தார்கள். அந்த அம்மாள் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு, படிவத்தை வாங்கினார். பேனா மூடியைத் திறந்தார். நான் எழுந்து காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்து, அவருக்கு முன்னால் மேஜையில் வைத்தேன்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். நாளைக்கு என்னக் கேக்கக் கூடாது. நீங்க கப்பல்ல இருக்கற வாரம் புதன்கிழமை பௌர்ணமி. உங்களுக்குத் தெரியுமா?"

ஏகாம்பரம் காலண்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு "அப்படிங்களா" என்றார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டார். சின்னக் கப்பல் இருக்கிறதே, புதனுக்குள் வந்துவிடலாமே என்றேன் உற்சாகமாக. எந்தக் கப்பலும் வேண்டாம், மகனுக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுந்து வெளியே போய்விட்டார். சகுந்தலா அம்மாள் உடனே எழவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறுமனே பார்த்தார். திருட்டு வெளிப்பட்டவர்களின் பார்வை எனக்குத் தெரியும். இது அது இல்லை என்று அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது.

அவர்கள் போன பிறகு, ஏகாம்பரம் கால் வைத்திருந்த இடத்தில் மொசைக் தரையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம் இருந்தது. கசிந்த மாதிரி, லேசான சிவப்பு. யாரோ டீ சிந்தியிருப்பார்கள் என்று பழைய பேப்பரால் துடைத்துப் போட்டேன்.

மறுநாள் சகுந்தலா அம்மாள் கொடுத்த காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தார். நான் கொஞ்சம் விறைப்பாகவே, ஏனம்மா அவரிடம் தேதியை மறைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் நின்றபடியே சொன்னார்.

"அவருக்குச் சுகர் சார். எடது கால் வெரலுக்கடியில புண்ணு. கால்ல உணர்ச்சியே இல்ல, ஆணி குத்தினாகூடத் தெரியாது. வேலூர்ல டாக்டர் இன்னா சொன்னாருன்னா, ஆறேழு வாரம் சேந்தாப்புல நடக்காம இருந்தா மூடிக்கும்னாரு. இவருக்கு நாலு வாரத்துக்கொரு தபா பௌர்ணமி வந்துடுது. மூடறதுக்குள்ள போய்ப் பொளந்துனு வந்துடறாரு. ஒரு பௌர்ணமி. ஒரே ஒரு பௌர்ணமி தள்ளிட்டா கால் நின்னுடும். வீட்ல புடிச்சுக் கட்ட முடியல. கடல்ல இருந்தா எங்க எறங்கிப் போவாருன்னு நெனச்சேன்."

முன்பே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று சொல்லும்போதே தெரிந்தது. சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்களா என்று அவர் கேட்டார். என் முகத்தை அந்த அம்மாள் முதல் நாளே படித்துவிட்டார். காகிதங்களை எண்ணி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். வேலைக்குச் சேர்ந்து அத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரைத் தேடி அவர் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. ஏகாம்பரம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்து கொடுத்த மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இடது காலில், ஆபீஸுக்கு வந்தபோது இல்லாத வெள்ளைத் துணிக்கட்டு. அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் சுற்றி வளைக்காமல், தப்பு செய்துவிட்டேன், கப்பலில் இடம் இன்னும் இருக்கிறது, பெரிய பயணமே போய்விட்டு வாருங்கள் என்றேன்.

அவர் ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் மூடியில் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"பௌர்ணமி எப்பன்னு எனக்குத் தெரியாதா சார்? பதினோரு வருஷமா சுத்தறேன். மொத நாளே தெரியும்."

தெரிந்துதான் கையெழுத்துப் போட வந்தீர்களா என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான் வந்தேன். இவ எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுனு இருந்தா. நானும் தெரியாத மாதிரியே இருந்தேன். கம்பத்துல ஷாக் அடிச்சு பொழச்சவன் சார் நானு, அன்னிக்கு ஆரம்பிச்சது இந்த நடை. என் வாயால நிறுத்தறேன்னு சொல்ல முடியல. கப்பல் போச்சு, நடுக்கடல்ல மாட்டிக்கினேன், இன்னா பண்றதுன்னு ஆயிட்டா, அது நான் வுட்டது இல்ல. நீங்க காலண்டர எடுத்து வெச்சு, தெரியுமான்னு கேட்டுட்டீங்க. அப்புறம் கையெழுத்து போட்டா, அது நான் வுட்டது ஆயிடும்ல?"

இப்போதாவது போகலாமே, கால் முக்கியமில்லையா என்று ஏதோ உளறினேன். அவர் கோபப்படவே இல்லை. உங்கள் வேலையை நீங்கள் ஒழுங்காகத்தான் செய்தீர்கள் என்றார். அதைவிடப் பெரிய அடி எனக்கு யாரும் கொடுத்ததில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் புதன்கிழமை அவர் மலை சுற்றினார். அடுத்த பௌர்ணமிக்கும், அதற்கு அடுத்ததற்கும் சுற்றினார். மழைக்காலம் முடிவதற்குள் வேலூரில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோது ஒரு பௌர்ணமி கடந்து போனது. அதை அவர் விட்டதாக நினைக்கவில்லை, டாக்டர் படுக்க வைத்துவிட்டார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். காயம் ஆறி வீடு திரும்பியவர் மறுபடி நடக்கத் தொடங்கினார். இதெல்லாம் சகுந்தலா அம்மாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தபோது சொன்னது. அவராகவே வந்து பேசினார். எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்காது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் தடவை போகிறவருக்குச் சின்னதா, பெரியதா? நான் அந்தக் கேள்வியை அத்தனை வருஷம் சரியாகத்தான் கேட்டுவந்தேன். எதை விட்டுவிட்டுப் போகிறார் என்று பார்த்தேன், அதைக் கண்டுபிடிக்கவும் செய்தேன். ஏகாம்பரம் விட்டுவிட்டுப் போக இருந்தது ஒரு பௌர்ணமியை. ஆனால் ஒருவர் எதையோ மறைக்கிறார் என்று தெரிந்த உடனே அதை மேஜைமேல் எடுத்து வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது. அந்த அவசரத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன். காசிப் பெரியவருக்காகச் செய்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நாளைக்கு யாரும் என்னைக் கேட்கக் கூடாது என்பதற்காகச் செய்தேன். நான் அன்று சொன்ன வார்த்தையும் அதுதானே.

சந்தேகப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் சந்தேகப்படாவிட்டால் இன்னொரு வீடு இடிபடும். நான் இன்றைக்கும் கறிவேப்பிலையைத் திருப்பித்தான் பார்க்கிறேன். ஆனால் சந்தேகம் வந்த பிறகு ஒரு பஸ் டிக்கெட் எடுத்துப் போய் நேரில் பாருங்கள். நான் தாலுகா ஆபீஸுக்குப் போனேனே தவிர, கீழ்பென்னாத்தூருக்குப் போகவில்லை. போயிருந்தால் அந்தத் துணிக்கட்டு முதலிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, ஒரு காலையில் சகுந்தலா அம்மாள் மறுபடியும் என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார். அடுத்த விரலுக்கடியில் புண் வந்திருக்கிறது, இந்தத் தடவை மூடாவிட்டால் பாதத்தோடு போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பயண அட்டவணையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. ஏழு இரவுக் கப்பல்களில் ஒன்றின்மேல் விரலை வைத்தார். அந்த வாரத்தில் பௌர்ணமி எந்தக் கிழமை என்று இருவருக்குமே தெரியும். நான் தலையை ஆட்டினேன். நாளைக்கு அவரை அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆபீஸைத் திறந்ததும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மேஜைக்குக் கீழே வைத்தேன். கண்ணாடிக் கதவில் பௌர்ணமி சிறப்புப் பஸ் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. அதையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

பதினொரு மணிக்கு இருவரும் வந்தார்கள். ஏகாம்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். டாக்டர் கொடுத்த தடிமனான செருப்பை வாசலில் விடப் போனவரை, அம்மாள் விடாதீங்க என்று தடுத்தார். உட்கார்ந்தார். ஜெனரேட்டரைப் பற்றியும் கேட்கவில்லை, படகைப் பற்றியும் கேட்கவில்லை. படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, எனக்குப் பின்னாலிருந்த சுவரை நிமிர்ந்து பார்த்தார். அங்கே வெறும் ஆணி இருந்தது. அந்த ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த வாரத்துல ஊர்ல விசேஷம் ஏதாச்சும் வருதா?"

சகுந்தலா அம்மாள் மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தெரியலையே சார்" என்றேன்.

திருவண்ணாமலையில் டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பௌர்ணமி எப்போது என்று தெரியாது என்றால் கைக்குழந்தைகூட நம்பாது. ஏகாம்பரம் நம்பினார். "அப்ப சரி" என்று சொல்லி, பேனா மூடியைத் திறந்தார்.